நான் கையெழுத்துப் போட்ட அறிக்கை

மருத்துவமனைக் கட்டில் கம்பிகளிலும் கதவுக் கைப்பிடிகளிலும் ஒட்டுவதற்கான செம்புத் தகடு ஒன்று, கால் மணி நேரத்தில் 99.99 சதவீத வைரஸ்களைச் செயலிழக்கச் செய்கிறது என்று ஓர் ஆய்வறிக்கையில் நான் கையெழுத்துப் போட்டேன். கொரோனாவின் முதல் ஆண்டு அது. அந்த எண் தவறு. தவறு என்பது சீக்கிரமே எனக்குத் தெரிந்தும்விட்டது. தெரிந்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. அறிக்கை பல கைகள் மாறி, ஒரு மருத்துவமனை வார்டுக்குள் போய், அங்கே துப்புரவு வேலை நடக்கும் முறையையே மாற்றிய பிறகுதான் திறந்தேன்.

சோதனையில் நடந்த பிழை, வேலை நெருக்கடியில் யாருக்கும் நேரக்கூடியது. அதை ஒப்புக்கொள்வது எனக்குப் பெரிய காரியமில்லை. அதற்குப் பிறகு நான் காத்த மௌனத்தை ஒப்புக்கொள்வதுதான் கடினம். இரண்டையும் இங்கே எழுதுகிறேன். இதே மாதிரியான அறிக்கைகள் இன்றும் மருத்துவமனைகளின் கொள்முதல் மேசைக்கு வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் இருக்கும் எண் எப்படி உருவாகிறது, எந்த இடத்தில் கெட்டுப்போகிறது என்பதை, அதைக் கெடுத்தவளே சொன்னால் வாங்குகிறவர்களுக்கு விளங்கும் என்று நினைக்கிறேன்.

நான் நுண்ணுயிரியல் படித்தவள். ஒரு தனியார் சோதனைக்கூடத்தில் ஒரு பிரிவைக் கவனித்துக்கொண்டிருந்தேன். தரை கழுவும் திரவம், கைகழுவும் சோப்பு, அறுவை அரங்கில் பயன்படும் துணி ஆகியவற்றைச் சோதித்துச் சான்றிதழ் தருவது எங்கள் வேலை. 2020-இல் அந்த வேலையின் போக்கே மாறிப்போனது. பெயின்ட், பிளாஸ்டிக் உறை, லிஃப்ட் பொத்தானில் ஒட்டும் படலம் என்று எதைத் தயாரிப்பவரும் 'வைரஸைக் கொல்கிறது' என்ற ஒரு வரியைக் கேட்டு வந்தார்கள். செம்புத் தகட்டைக் கொண்டுவந்தவரும் அவர்களில் ஒருவர். அவர் என்னிடம் எதையும் மறைக்கவில்லை. எதையும் திரித்து எழுதச் சொல்லவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பழி வேறு யார்மீதும் போகக் கூடாது.

செம்பு என்றதும் எனக்குள் ஒரு சாய்வு இருந்தது. எங்கள் வீட்டில் குடிதண்ணீர் எப்போதும் செப்புக் குடத்தில்தான் இருக்கும். படிப்பும் அந்தச் சாய்வுக்குத் துணை நின்றது. பெங்களூரில் செய்யப்பட்டு 2012-இல் வெளியான ஓர் ஆய்வு, காலரா, ஷிகெல்லா, சால்மோனெல்லா கிருமிகளைக் கலந்த தண்ணீரைச் செப்புப் பானையில் 16 மணி நேரம் வைத்தால் அவற்றைத் திரும்ப வளர்த்தெடுக்க முடிவதில்லை என்று காட்டியது. அதற்கு வெகு காலம் முன்பே, 1983-இல், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஈரி என்ற ஊரின் மருத்துவமனையில் பணிபுரிந்த ஃபிலிஸ் குன், பித்தளைக் கதவுக் குமிழ்களில் கிருமிகள் பிழைப்பதில்லை, எவர்சில்வர் குமிழ்களில் நன்றாகப் பிழைக்கின்றன என்று எழுதியிருந்தார். பளபளப்புக்காகப் பித்தளையைக் கழற்றி எறிய வேண்டாம் என்பது அவருடைய வேண்டுகோள். இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் பில் கீவில் குழுவினர் இன்ஃபுளுவென்ஸா, நோரோவைரஸ் வகை, சாதாரணச் சளி தரும் 229ஈ கொரோனாவைரஸ் என்று ஒவ்வொன்றாகச் செம்பின்மேல் வைத்துப் பார்த்தார்கள். எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் ஓடு ஆகியவற்றில் ஐந்து நாள்வரை தொற்றும் திறனோடு இருந்த 229ஈ, செம்பிலும் செம்பு மிகுந்த பித்தளையிலும் ஒரு மணி நேரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை என்று அவர்கள் வெளியிட்டது 2015-இல்.

செம்பு வைரஸைச் செயலிழக்கச் செய்கிறது என்பது உண்மை. நான் கெடுத்தது அந்த உண்மையை அல்ல, அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்ற கணக்கை. மருத்துவமனையில் நேரம்தான் எல்லாம். ஒரு நோயாளி இருமிவிட்டுக் கட்டில் கம்பியைப் பிடிக்கிறார். கொஞ்ச நேரத்தில் செவிலியர் அதே கம்பியைப் பிடித்துக் கட்டிலைச் சரிசெய்கிறார். அந்தக் கையோடு அடுத்த கட்டிலுக்குப் போகிறார். இந்த இடைவெளிக்குள் உலோகம் வேலையை முடிக்கிறதா இல்லையா என்பதைச் சொல்வதற்குத்தான் சோதனையே நடக்கிறது.

இனி, சோதனையைச் சொல்கிறேன். கொரோனாவைரஸை வளர்த்துக் கையாள மூன்றாம் நிலை உயிரியல் பாதுகாப்புக் கூடம் வேண்டும். எங்களிடம் அது இல்லை. அதனால் உலகெங்கும் பலர் செய்வதுபோல நாங்களும் ஒரு பதிலி வைரஸை எடுத்துக்கொண்டோம். எம்எஸ்2 என்று பெயர். அது பாக்டீரியாவை மட்டும் தாக்கும் பேஜ் வகை, மனிதருக்கு ஆபத்தில்லை. அதற்குக் கொழுப்பு உறை கிடையாது, கொரோனாவுக்கு உண்டு. உறை இல்லாத வைரஸ்களைக் கிருமிநாசினிகளால் அழிப்பது பொதுவாகக் கடினம் என்பதால், 'இதையே கொல்கிறது என்றால் கொரோனா எம்மாத்திரம்' என்ற வாதம் அப்போது எல்லோர் வாயிலும் இருந்தது. என் வாயிலும் இருந்தது. ஆனால் அறிக்கையின் தலைப்பில் நான் 'எம்எஸ்2' என்று எழுதவில்லை, 'வைரஸ்' என்று எழுதினேன். அந்த ஒரு சொல் விளம்பரத் தாளில் 'கொரோனா' ஆனபோது, அதற்கு வழி திறந்துவிட்டது நான்தான் என்று எனக்குத் தெரியும்.

செய்முறை எளிது. ஐந்து சென்டிமீட்டர் சதுரத்தில் வெட்டிய உலோகத் துண்டின்மேல் வைரஸ் கலந்த திரவம் 0.4 மில்லி விடுவோம். அதன்மேல் நான்கு சென்டிமீட்டர் பிளாஸ்டிக் படலத்தை மூடித் திரவத்தைப் பரத்துவோம். குறித்த நேரம் ஆனதும் அந்தத் திரவத்தைக் கழுவி எடுத்து, படிப்படியாக நீர்க்கச் செய்து, ஈகோலை பாக்டீரியா கலந்த மென்கூழோடு பெட்ரித் தட்டில் ஊற்றுவோம். மறுநாள் பாக்டீரியா தட்டு முழுக்கப் பாய் விரித்ததுபோல வளர்ந்திருக்கும்; அதை 'லான்' என்போம். எங்கெல்லாம் உயிருள்ள பேஜ் விழுந்ததோ அங்கெல்லாம் வட்டமாக ஓர் ஓட்டை தெரியும். ஓட்டைகளை எண்ணினால் எத்தனை வைரஸ் மிஞ்சியது என்று தெரிந்துவிடும். எவர்சில்வர் துண்டிலும் இதையே செய்து ஒப்பிடுவோம்.

கழுவி எடுக்கும் அந்தக் கட்டத்தில்தான் நான் தவறினேன். செம்பின்மேல் கிடந்த திரவத்தில் வைரஸ் மட்டும் இருக்காது. உலோகத்திலிருந்து கரைந்த செம்பு அயனிகளும் இருக்கும். வைரஸைத் தாக்குவதில் பெரும்பங்கு அவற்றுக்குத்தான். துண்டைவிட்டுத் திரவத்தை எடுத்த பிறகும் அவை வேலையை நிறுத்துவதில்லை. அடுப்பை அணைத்த பிறகும் குக்கருக்குள் சோறு வெந்துகொண்டிருப்பதைப்போல. அதனால் கழுவும் திரவத்தில் செம்பைப் பிடித்துக் கட்டிப்போடும் ஒரு பொருள் இருக்க வேண்டும். அதைத்தான் நாங்கள் நியூட்ரலைசர் என்போம். செம்புக்கு ஈடிடிஏ நன்றாக வேலை செய்யும். அது போதுமான அளவு இருக்கிறதா என்பதற்கும் தனியாக ஒரு கன்ட்ரோல் சோதனை செய்ய வேண்டும்: செம்பிலிருந்து கழுவிய திரவத்தில் புதிதாக வைரஸைக் கலந்து, அது குறையாமல் அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பது. வைரஸ் சோதனைக்கான சர்வதேசத் தரநெறி ஐஎஸ்ஓ 21702 வெளியானது 2019-இல். இந்தக் கன்ட்ரோலைச் செய்தே ஆக வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது.

நான் வெறும் சலைனில் கழுவ வைத்தேன். வழக்கமான கழுவுதிரவம் கைவசம் தீர்ந்திருந்தது. புதிதாக வர வேண்டியது ஊரடங்கில் எங்கோ நின்றிருந்தது. ஈடிடிஏ அலமாரியிலேயே இருந்தது. ஆனால் அதைச் சேர்த்தால் செய்முறையை மறுபடி சரிபார்க்க வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். கழுவிய குழாய்கள் மேசைமேல் வரிசையாகக் காத்திருந்தன. ஒவ்வொன்றாக நீர்க்கச் செய்து ஊற்றி முடிப்பதற்குள் கணிசமான நேரம் ஓடிவிடும். அந்த நேரமெல்லாம் குழாய்க்குள் செம்பு வைரஸைத் தின்றுகொண்டிருந்தது. நாங்கள் 'கால் மணி நேரம்' என்று எழுதியது, துண்டின்மேல் கிடந்த நேரத்தை மட்டும்தான்.

எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த ஓர் இளம் ஆய்வாளர் இதைக் கண்டுபிடித்தார். தட்டுகளை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

"மேடம், காப்பர் பிளேட்ல லானே சரியா வளரலை. ஸ்டீல் பிளேட்ல பாருங்க, எவ்வளவு அடர்த்தியா இருக்கு. முதல் டைல்யூஷன்ல ஈகோலையே அடி வாங்கியிருக்குன்னா, வாஷ் பண்ணின சலைன்ல காப்பர் இன்னும் இருக்குன்னுதானே அர்த்தம்? நியூட்ரலைசர் போட்டு ஒரு தடவை பார்த்துடலாமா?"

முதல் பார்வையிலேயே அவர் சொல்வது சரி என்று எனக்குப் புரிந்தது. பாக்டீரியாவே மெலிந்துபோன தட்டில் ஓட்டைகள் இல்லை என்றால், வைரஸ் செத்துவிட்டது என்று எப்படிச் சொல்ல முடியும்? இது முதுகலை மாணவருக்கும் தெரிந்த பாடம். நான் சொன்னது இது: "இப்ப நேரமில்லம்மா. எல்லா பிளேட்லயும் ஒரே டிரெண்ட்தான் வருது. ரிப்போர்ட் நாளைக்குப் போயாகணும்."

அவர் மறுபேச்சுப் பேசவில்லை. ஆனால் ஆய்வகக் குறிப்பேட்டில் அன்றைய தேதியிட்டு, 'நியூட்ரலைசர் கன்ட்ரோல் செய்யப்படவில்லை. மேலதிகாரியிடம் தெரிவிக்கப்பட்டது' என்று எழுதிவைத்தார். விதிப்படி அந்தப் பக்கத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன், வாசிக்காமலேயே. அறிக்கையில் ஒரு கையெழுத்து, அதை மறுக்கும் பக்கத்தில் இன்னொரு கையெழுத்து. இரண்டும் என்னுடையவை.

எந்தக் கன்ட்ரோலும் இல்லாமலேகூட எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். 2020 மார்ச்சில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வான் டோரமாலனும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட கடிதத்தை நுண்ணுயிரியல் துறையில் வாசிக்காதவர் இல்லை. கொரோனாவைரஸ் பிளாஸ்டிக்கிலும் எவர்சில்வரிலும் இரண்டு மூன்று நாள் தொற்றும் நிலையில் இருந்தது, செம்பில் நான்கு மணி நேரத்துக்குப் பிறகு கண்டறிய முடியவில்லை என்பது அதன் செய்தி. செம்பின்மேல் வைரஸ் பாதியாகக் குறைய ஏறக்குறைய 46 நிமிடம் என்று அவர்கள் மதிப்பிட்டிருந்தார்கள். 99.99 சதவீதம் குறைவது என்றால் பத்தாயிரத்தில் ஒன்று மிஞ்சுவது; பதின்மூன்று தடவைக்குமேல் பாதி பாதியாகக் குறைய வேண்டும். அந்த வேகத்தில் அதற்குப் பத்து மணி நேரம் ஆகும். வைரஸ் வேறு, துளியின் அளவு வேறு, ஈரப்பதம் வேறு, எண் மாறத்தான் செய்யும். ஆனால் பத்து மணி நேரம் கால் மணி நேரமாக மாறும்போது, பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் யோசிக்க வேண்டாமா? அந்தக் கணக்கை ஒரு காகித ஓரத்திலேயே போட்டிருக்கலாம். நான் போடவில்லை, ஏனென்றால் விடை எனக்குப் பிடித்திருந்தது.

அறிக்கை போன பிறகு மனம் ஒப்பவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆய்வகத்தில் யாரும் இல்லாதபோது மிச்சமிருந்த துண்டுகளை எடுத்து நானே சோதனையைத் திரும்பச் செய்தேன், இந்த முறை ஈடிடிஏ சேர்த்து. கன்ட்ரோல் கச்சிதமாக வந்தது. கால் மணி நேரத் தட்டுகளில் எண்ண முடியாத அளவுக்கு ஓட்டைகள். இரண்டு மணி நேரத் தட்டுகளில் நல்ல குறைவு தெரிந்தது. தகடு வேலை செய்யத்தான் செய்தது, ஆனால் நான் எழுதிய வேகத்தில் இல்லை. தட்டுகளை ஆட்டோகிளேவில் போட்டேன். முடிவைக் குறிப்பேட்டில் ஏற்றவில்லை.

ஏன் சொல்லவில்லை? அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணங்கள் பல. சோதனைக் கட்டணத்தில்தான் என் பிரிவில் தற்காலிகப் பணியாளர்களின் சம்பளம் ஓடியது. தகடு எப்படியும் கெடுதல் செய்யாது. உலகமே பயந்துகிடக்கும் நேரத்தில் ஒரு நல்ல பொருளைப் பற்றி ஏன் சந்தேகத்தைக் கிளப்ப வேண்டும்? இவற்றுக்கெல்லாம் அடியில் இருந்தது ஒன்றுதான். புதிதாக வந்த ஒருவர் சரியாகச் சொல்லி, அனுபவசாலியான நான் தவறாகச் செய்தேன் என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை. அவ்வளவுதான். அதைப் பணம், பயம் என்று வேறு பெயர்களில் மூடி வைத்திருந்தேன்.

அந்த நாட்களில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை செம்பைப் பற்றி எடுத்த முடிவை வாசித்தபோது வெட்கமாக இருந்தது. பாக்டீரியாவுக்கு எதிரான செம்புக் கலவைகளை அந்த முகமை 2008-லேயே பதிவு செய்திருந்தது. கொரோனாவைரஸைச் சொல்லி விற்க அனுமதித்தது 2021 பிப்ரவரியில்தான். அதுவும் குறைந்தது 95.6 சதவீதம் செம்பு உள்ள கலவைகளுக்கு மட்டும். இரண்டு மணி நேரத்தில் 99.9 சதவீதம் என்ற அளவில் மட்டும். கூடவே இரண்டு நிபந்தனைகள்: முறையாகச் சுத்தம் செய்து வந்தால்தான் இது பொருந்தும், இது வழக்கமான தொற்றுத் தடுப்பு வேலைகளுக்குத் துணையே தவிர மாற்று அல்ல. என் அறிக்கையில் நேரமும் தவறு, சதவீதமும் தவறு. இந்த நிபந்தனைகளில் ஒன்றுகூட இல்லை. அவற்றை எழுத அறிவு தேவையில்லை, அக்கறை போதும்.

தகடு ஒட்டிய மருத்துவமனை ஒன்றுக்கு வேறொரு வேலையாகப் போயிருந்தேன். வார்டில் கட்டில் கம்பிகள் இளஞ்சிவப்பாக மின்னின. துப்புரவு வேலை பார்க்கும் அக்கா ஒருவர் மேசையையும் டிரிப் ஸ்டாண்டையும் ஹைப்போ என்ற கிருமிநாசினியில் நனைத்த துணியால் துடைத்துக்கொண்டு வந்தார்; கம்பிகளை மட்டும் தொடாமல் நகர்ந்தார். கேட்டேன்.

"அதைக் காலைல ஒரு வாட்டி துடைச்சாப் போதும்னு சொல்லிட்டாங்க மேடம். ஹைப்போ பட்டா கருத்துப்போவுதாம். அதுவே கிருமியைக் கொன்னுடுமாம், ரிப்போர்ட் இருக்காம்."

அது என் அறிக்கை. நான் அவரிடம் "அப்படியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிட்டேன். சோதனையில் செய்த பிழையைவிட, அந்த ஒற்றை வார்த்தைதான் இன்றுவரை என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. அங்கேயே, அப்போதே, "இல்லைக்கா, மத்த கம்பி மாதிரியே ஒவ்வொரு ஷிஃப்டுலயும் துடைங்க" என்று சொல்லியிருக்கலாம். அதற்கு எந்தக் குழுவின் அனுமதியும் தேவையில்லை. கம்பியின்மேல் உப்பும் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் படிந்துவிட்டால் வைரஸ் உலோகத்தைத் தொடவே செய்யாது என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரியப்படுத்தும் வேலை என்னுடையது.

இங்கே சோதனைமுறையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நான் கன்ட்ரோலைச் சரியாகச் செய்திருந்தாலும்கூட, அந்த எண்ணை வார்டுக்கு அப்படியே கொண்டுபோக முடியாது. படலம் மூடிய துளி ஈரமாகவே இருக்கும். தரநெறிப்படி 25 டிகிரி வெப்பத்தில், குறைந்தது 90 சதவீத ஈரப்பதத்தில், ஒரு நாள் முழுக்க வைப்பது வழக்கம். கட்டில் கம்பியில் விழும் எச்சில் துளி சில நிமிடங்களில் காய்ந்துவிடும். இந்த வேறுபாடு சில பொருள்களை உள்ளதைவிட உயர்த்திக் காட்டிவிடும். வெள்ளி அயனி கலந்த பூச்சை மிக்கெல்ஸ், நாய்ஸ், கீவில் மூவரும் எம்ஆர்எஸ்ஏ பாக்டீரியாவை வைத்துச் சோதித்து 2009-இல் எழுதினார்கள். 90 சதவீதத்துக்குமேல் ஈரப்பதம் இருந்தபோது அந்தப் பூச்சு பாக்டீரியாவை லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே குறைத்தது. சாதாரண அறையின் வறட்சியில் ஏறக்குறைய ஒன்றுமே செய்யவில்லை. அதே நிலையில் செம்பு தளரவில்லை. செம்பின்மேல் மெல்லியதாகப் படர்ந்து காயும் துளியில் வைரஸ் இன்னும் வேகமாகச் செயலிழப்பதையும் கீவில் குழு காட்டியிருக்கிறது. ஆனால் வைரஸ் தனியாக வந்து விழுவதில்லை. சளியும் எச்சிலும் மலமும் சுமந்துதான் வருகிறது. அந்தப் புரதம் செம்பு அயனிகளைப் பிடித்துவைத்துக்கொள்ளும். செயற்கைச் சளியோ புரதமோ கலக்காமல் சுத்தமான திரவத்தில் செய்த எந்தச் சோதனையும் மருத்துவமனையைப் பற்றிப் பேசுவதில்லை. நான் கலக்கவில்லை. வறண்ட பரப்பில் பாக்டீரியாவைச் சோதிப்பதற்கென்றே ஐஎஸ்ஓ 7581 என்ற தரநெறி 2023-இல் வந்திருக்கிறது. அது வருவதற்கு முன்பே இந்தக் குறையைத் துறையில் எல்லோரும் பேசிக்கொண்டுதான் இருந்தோம்.

உலோகத் துண்டை விட்டு, நோயாளிகளையே எண்ணிப் பார்த்த ஆய்வும் உண்டு. அமெரிக்காவில் மூன்று மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சை அறைகள் சிலவற்றில் கட்டில் கம்பி, மேசை, டிரிப் ஸ்டாண்ட் போன்ற ஆறு பொருள்களைச் செம்புக் கலவையில் செய்துவைத்தார்கள். மருத்துவமனையில் தொற்றிய நோய்களின் விகிதம் சாதாரண அறைகளில் 8.1 சதவீதம், செம்பு அறைகளில் 3.4 சதவீதம் என்று 2013-இல் வெளியிட்டார்கள். மனம் மகிழும் முடிவு. ஆனால் செம்பின் நிறம் எவர் கண்ணுக்கும் தெரியும். எது செம்பு அறை என்பதை ஊழியர்களிடம் மறைக்க முடியாது. அங்கே பிரதானமாக எண்ணப்பட்டவையும் வைரஸ்கள் அல்ல. என் அறிக்கையில் இந்த ஆய்வை மேற்கோள் காட்டினேன். இந்த இரண்டு விஷயங்களையும் விட்டுவிட்டேன்.

கொரோனா பரப்புகளின் வழியாக அதிகம் பரவுவதில்லை என்பது பிறகு தெளிவானது. தொட்ட பரப்பிலிருந்து தொற்றும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் சொன்னது. அதை வாசித்த அன்று நான் விட்ட பெருமூச்சை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. 'அப்படியானால் என் தவறால் பெரிய கேடு நேர்ந்திருக்காது' என்று கணக்கை மூடப் பார்த்தேன்.

அந்தக் கணக்கை மூடவிடாமல் செய்தவர் அதே மருத்துவமனையின் தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர். ஒருநாள் தொலைபேசியில் அழைத்தார். தகட்டைக் குழந்தைகள் வார்டுக்கும் போடப்போகிறார்கள் என்றார். "மேடம், அங்க ரோட்டா, நோரோன்னு வயிற்றுப்போக்குக் கேஸ்தான் அதிகம். அதுக்கும் கால் மணி நேரம் போதுமா? உங்க ரிப்போர்ட்டைத்தான் நம்பி இருக்கோம்."

ரோட்டாவும் நோரோவும் கொரோனா மாதிரி இல்லை. அவை கையிலும் பரப்பிலும் ஒட்டிக்கொண்டு பரவுபவை; மிகச் சொற்ப எண்ணிக்கையே நோய் தரப் போதும்; கையில் தேய்க்கும் ஆல்கஹாலுக்கு நோரோ எளிதில் மசியாது. இரண்டுக்கும் கொழுப்பு உறை கிடையாது. உறை இல்லாத எம்எஸ்2-வை வைத்து நான் தந்த தவறான எண், இந்த வைரஸ்களுக்குத்தான் கச்சிதமாகப் பொருந்துவதுபோலத் தோன்றும். பாலூட்டும் தாய் அந்தக் கம்பியைப் பிடித்துவிட்டுக் குழந்தையின் வாயைத் துடைப்பாள். அதற்குமேல் என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. "சிஸ்டர், அந்த ரிப்போர்ட் தப்பு. நான்தான் தப்பாச் செஞ்சேன். கம்பியைத் துடைக்கிறதைக் குறைக்காதீங்க" என்றேன். மறுமுனையில் நெடுநேரம் பதிலில்லை. பிறகு, "இதை எழுத்துல தருவீங்களா மேடம்?" என்று கேட்டார்.

தந்தேன். சோதனையை மற்றவர்கள் முன்னிலையில் ஈடிடிஏ சேர்த்து, புரதம் கலந்து, படலம் மூடாமல் மறுபடி செய்தோம். அறிக்கை திரும்பப் பெறப்பட்டது. தகட்டுக்காரர் கோபப்பட்டார்; அவர் கோபம் நியாயமானது. காசு கொடுத்து உண்மையைக் கேட்டவருக்கு நான் பொய்யைக் கொடுத்திருந்தேன். அறிக்கைகளில் கையெழுத்திடும் பொறுப்பிலிருந்து நிர்வாகம் என்னை விலக்கியது. அதிலும் எனக்கு மனக்குறை இல்லை. அந்த இளம் ஆய்வாளர் அதற்குள் வேறு ஊரில் வேறு வேலைக்குப் போய்விட்டிருந்தார். நீங்கள் சொன்னதுதான் சரி, நான் அதை அன்றே அறிந்திருந்தேன் என்று அவருக்கு எழுதினேன். அவர் இங்கிருந்து போனதற்கு நானும் ஒரு காரணம் என்று பதில் வந்தது.

துடைக்காமல் விடப்பட்ட அந்த மாதங்களில் யாருக்காவது அந்தக் கம்பி வழியாக நோய் தொற்றியதா என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. அங்கே யாரும் அதைக் கணக்கெடுக்கவில்லை. வேலை முடிந்துவிட்டது, இனி அளக்க வேண்டியதில்லை என்று அவர்களை நம்பவைத்ததே என் அறிக்கைதான்.

மருத்துவமனைக்குப் பொருள் வாங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன்: சான்றிதழின் முதல் பக்கத்தோடு நின்றுவிடாதீர்கள். எந்த வைரஸ், எத்தனை நிமிடம், ஈரமா உலர்வா, சளியோ புரதமோ கலந்தார்களா என்று கேளுங்கள். செம்பு என்றால் நியூட்ரலைசர் கன்ட்ரோலின் எண்களை மூலத்தோடு கேட்டு வாங்குங்கள். தராதவர்களின் அறிக்கையைத் திருப்பி அனுப்புங்கள். சோதனைக்கூடங்களில் என் இடத்தில் உட்கார்ந்திருப்பவர்களே, தட்டை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டும் இளையவர் சொல்வதை அன்றே கேளுங்கள், அறிக்கை ஒரு வாரம் தாமதமானாலும் பரவாயில்லை. வார்டில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: செம்புத் தகடு ஒட்டியிருந்தாலும் கட்டில் கம்பியை ஒவ்வொரு ஷிஃப்டிலும் துடையுங்கள்.